ஆற்று மணலின் தரத்தைச் சோதிப்பது எப்படி: வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிமென்ட் வாங்குகிறவர் மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரத்தையும் ஆண்டையும் பார்க்கிறார். கம்பி வாங்குகிறவர் அதன்மேல் பொறித்திருக்கும் முத்திரையைப் பார்க்கிறார். மணலுக்கு மூட்டையும் கிடையாது, முத்திரையும் கிடையாது. கான்கிரீட்டின் கன அளவில் கால் பங்குக்கு மேல் இடம்பிடிக்கும் பொருள், பெரும்பாலான வீடுகளில், லாரி ஓட்டுநரின் சொல்லை மட்டும் நம்பி இறக்கப்படுகிறது. இந்த நிலை மாற வேண்டும் என்ற அக்கறையோடு, தமிழ்நாட்டில் சொந்த வீடு கட்டுவோர் மணலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டிருக்கிறது.

கேள்வி: கண்ணால் பார்த்து, கையால் தேய்த்து மணலின் தரத்தைச் சொல்லிவிட முடியாதா?

ஓரளவுக்குச் சொல்லலாம். ஒரு பிடி மணலை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டுக் கொட்டினால், நல்ல மணல் கையில் சில துகள்களை மட்டுமே விட்டுச் செல்லும். வண்டல் மிகுந்த மணல் ரேகைகளுக்குள் பழுப்பு நிறமாகப் படிந்து, தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் போகும். ஈர மணலைக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்த பிறகு அது உருண்டையாகவே நின்று, விரலால் அழுத்தும்போது உதிராமல் நசுங்கினால், களிமண் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவர் இந்த மணல் வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரே நல்ல மணல் என்று சொன்னால், அதற்குப் பிறகும் சோதித்துப் பாருங்கள். மோசமான மணலைக் கைக்குத் தெரியும். உப்பையும், கரிமப் பொருளையும், துகள்களின் அளவு எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதையும் கை அறியாது. நிறத்தை வைத்து முடிவு செய்வது அதைவிடத் தவறான வழக்கம். சிவந்த மணலுக்கு நிறம் தருவது பெரும்பாலும் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. அந்த நிறம் மட்டுமே குறையாகிவிடாது. வெளுத்துப் பளபளக்கும் மணல் கடலோரத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி: சோதனைக்கு மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

சோதனையின் நம்பகம் இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. குவியலின் மேற்பரப்பு வெயிலில் காய்ந்திருக்கும். பெரிய துகள்கள் சரிவில் உருண்டு அடிவாரத்தில் சேர்ந்திருக்கும். வண்டல் தண்ணீரோடு இறங்கி அடியில் தங்கியிருக்கும். ஆகவே மேலிருந்து ஒரு பிடி அள்ளினால், அந்த ஒரு பிடியின் தரம் மட்டுமே தெரியும். குவியலின் உச்சி, நடு, அடி என வெவ்வேறு இடங்களில் மேல்மணலை ஒரு சாண் ஆழத்துக்கு விலக்கி, உள்ளிருந்து ஒவ்வொரு சட்டி எடுத்து, ஒரு தகரத்தின் மேலோ தார்ப்பாயின் மேலோ கொட்டி நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு அதை வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை ஒதுக்கிவிட்டு, மீந்த இரண்டை மறுபடி கலந்து மறுபடி பிரித்துக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று கிலோ அளவில் முழுக் குவியலுக்கும் பொருந்தும் மாதிரி கிடைக்கும். லாரியிலேயே எடுப்பதானால் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றிலிருந்தும் எடுப்பது நல்லது.

கேள்வி: வீட்டிலேயே வண்டல் அளவைச் சோதிப்பது எப்படி?

அளவுக் கோடு போட்ட 250 மி.லி. கண்ணாடிக் குழாய் இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு கண்ணாடிச் சீசா போதும். அரை லிட்டர் குடிநீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரைசலைக் குழாயில் 50 மி.லி. கோடு வரை ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மணலின் மட்டம் 100 மி.லி. கோட்டைத் தொடும்படி செய்யுங்கள். மறுபடி கரைசலை ஊற்றி 150 மி.லி. வரை கொண்டுவந்து, வாயை மூடி நன்றாகக் குலுக்கி, சமதளமான இடத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள்.

முதல் நிமிடத்திலேயே பருமணல் அடியில் இறங்கிவிடும். அதன்மேல் நைஸ் மணல் அமரும். கொஞ்ச நேரம் கழித்து அந்த நைஸ் மணலின் மேல், துகள் எதுவும் தனியாகத் தெரியாத, குழைவான ஒரு படலம் சேரத் தொடங்கும். குழாயை மெதுவாகச் சாய்த்தால் மணலின் மட்டம் நகராது. இந்தப் படலத்தின் மேல்விளிம்பு மட்டும் லேசாக அசையும். மணலும் வண்டலும் பிரியும் கோட்டைக் கண்டுபிடிக்க இதுவே சுலபமான வழி. கண்ணாடியின் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் அந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இனி அளவுகோலை வைத்து இரண்டு உயரங்களை அளக்க வேண்டும். மணல் 90 மி.மீ., வண்டல் 6 மி.மீ. என்றால், 6-ஐ 90-ஆல் வகுத்து நூறால் பெருக்கக் கிடைப்பது 6.7 சதவீதம். வண்டல் 12 மி.மீ. இருந்தால் 13.3 சதவீதம். கட்டுமானத் தளங்களில் இந்தக் களச் சோதனைக்குப் பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு 8 சதவீதம். முதல் மணல் வேலைக்கு ஆகும்; இரண்டாவதைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

உப்பைச் சேர்ப்பது எதற்காக என்று பலர் கேட்பதுண்டு. வெறும் தண்ணீரில் மிக நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மணிக்கணக்காக மிதக்கும். உப்பு அவற்றை ஒன்றுசேர வைத்துச் சீக்கிரம் படியச் செய்கிறது.

கேள்வி: எங்கள் பொறியாளர் 3 சதவீதம்தான் வரம்பு என்கிறார், நீங்கள் 8 என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி, அளக்கும் முறை வேறு. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383 (2016-இல் வெளியான திருத்தம்) இயற்கை மணலில் 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) சல்லடை வழியே நழுவும் நுண்துகள் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆய்வகத்தில் மணலை உலர்த்தி எடைபோட்டு, அந்தச் சல்லடையின் மேல் தண்ணீர் தெளியும்வரை கழுவி, மறுபடி உலர்த்தி எடைபோட்டு, குறைந்த எடையைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். சீசாச் சோதனையில் நாம் அளப்பது உயரத்தை. புதிதாகப் படிந்த வண்டல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தளர்வாக உப்பியிருப்பதால், எடையில் அது பிடிக்கும் பங்கைவிடக் கன அளவில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே சீசாவில் கிடைத்த எண்ணை 3 சதவீத வரம்போடு நேராக ஒப்பிடுவதும், ஆய்வக அறிக்கையில் 7 சதவீதம் என்று வந்ததை 8-க்குள் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்வதும் இரண்டும் பிழை. இரண்டாவது பிழை ஆபத்தானது.

கட்டு வேலை மணலுக்கான ஐ.எஸ். 2116, பூச்சு மணலுக்கான ஐ.எஸ். 1542 ஆகிய இரண்டும் எடையில் 5 சதவீதம் வரை அனுமதிக்கின்றன.

கேள்வி: வண்டல் கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்?

சிமென்ட் பசை மணல் துகளின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்வதால்தான் கலவை இறுகுகிறது. எண்ணெய்க் கையில் கோந்து ஒட்டாததைப் போல, களிமண் பூசிய துகளில் சிமென்ட் பிடிப்பதில்லை. மேலும், நுண்துகள்களின் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. அதை நனைக்கவே கூடுதல் தண்ணீர் வேண்டும். கலவை கெட்டியாக இருக்கிறது என்று கொத்தனார் தண்ணீரைச் சேர்ப்பார். சிமென்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் குலைந்து வலிமை குறையும். காயும்போது சுருக்கம் கூடி, பூச்சில் மயிரிழை வெடிப்புகள் வலைபோலப் பரவும். வெடிப்பைக் கண்டு கொத்தனாரைத் திட்டுகிற வீட்டுக்காரர்கள் பலர். உண்மையில் அந்தப் பழியில் பாதியாவது மணலுக்குரியது.

கேள்வி: வண்டல் மிகுந்த மணலைக் கழுவிப் பயன்படுத்தலாமா?

கழுவலாம், பலனும் உண்டு; முறையாகக் கழுவ வேண்டும். குவியலின் மேல் குழாயால் தண்ணீர் அடித்தால் வண்டல் மேலிருந்து அடிக்கு இறங்குமே தவிர வெளியேறாது. சரிவாக அமைத்த தொட்டியில் மணலைப் போட்டு, மண்வெட்டியால் புரட்டிக்கொண்டே தண்ணீரை வழியவிட வேண்டும். வழியும் தண்ணீர் ஓரளவு தெளியும்போது நிறுத்திக்கொள்ளலாம். அதற்குமேல் கழுவினால் கான்கிரீட்டுக்குத் தேவையான நைஸ் மணலும் அடித்துக்கொண்டு போய்விடும். கழுவிய பிறகு சீசாச் சோதனையை மறுபடி செய்துபார்ப்பது அவசியம். களிமண் கட்டிகளாக இருந்தால் கழுவுவதற்கு முன் சலித்து எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: சல்லடைச் சோதனை எதற்கு? மண்டலம் ஒன்று, மண்டலம் இரண்டு என்பதெல்லாம் என்ன?

துகள்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் இடையில் வெற்றிடம் மிகும். அதை நிரப்பச் சிமென்ட் அதிகம் செலவாகும். பெரிய துகள்களின் இடுக்கில் நடுத்தரத் துகளும், அதன் இடுக்கில் சிறு துகளும் அமைவதே நல்ல மணலின் அமைப்பு. இதை அறிய 4.75 மி.மீ., 2.36 மி.மீ., 1.18 மி.மீ., 600 மைக்ரான், 300 மைக்ரான், 150 மைக்ரான் சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உலர்ந்த மணலை மேலே போட்டுச் சலித்து, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடைபோடுகிறார்கள். 600 மைக்ரான் சல்லடையைக் கடப்பது 15 முதல் 34 சதவீதம் என்றால் முதல் மண்டலம், 35 முதல் 59 என்றால் இரண்டாம் மண்டலம், 60 முதல் 79 என்றால் மூன்றாம் மண்டலம், 80 முதல் 100 என்றால் நான்காம் மண்டலம். முதல் மண்டலம் பருமணல். எண் ஏற ஏற மணல் நைஸாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 கிராம் மணலில் மேலிருந்து கீழாக 20, 80, 200, 260, 300, 110 கிராம் வீதம் ஆறு சல்லடைகளிலும் தங்கி, அடித்தட்டில் 30 கிராம் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். தங்கியதைக் கூட்டிக்கொண்டே வந்தால் 2, 10, 30, 56, 86, 97 சதவீதம் என்று வரும். 600 மைக்ரானில் கூட்டாகத் தங்கியது 56 என்பதால் அதைக் கடந்தது 44. ஆகவே இது இரண்டாம் மண்டலம். அந்த ஆறு எண்களையும் கூட்டினால் 281. நூறால் வகுத்தால் 2.81. இதை நுண்மைக் குணகம் என்பார்கள். 2.2 முதல் 2.6 வரை நைஸ் மணல், 2.6 முதல் 2.9 வரை நடுத்தரம், 2.9 முதல் 3.2 வரை பருமணல் என்பது வழக்கமான பகுப்பு. அறிக்கையில் இந்த ஒரு குணகத்தை மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். இரு வேறு மணல்களுக்கு ஒரே குணகம் வர முடியும். ஆறு சல்லடைகளின் எண்களும் இருந்தால்தான் முழு விவரம் புரியும்.

வீட்டுக் கான்கிரீட்டுக்கு இரண்டாம் மண்டல மணலே கையாள எளிது. மூன்றாம் மண்டலத்தையும் பயன்படுத்தலாம். மணலின் பங்கைச் சற்றுக் குறைத்து ஜல்லியைக் கூட்ட வேண்டும். நான்காம் மண்டல மணலைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில், தகுந்த சோதனைகள் செய்து கலவை விகிதத்தின் பொருத்தத்தை உறுதிசெய்யாமல் போடக் கூடாது என்று ஐ.எஸ். 383 சொல்கிறது.

கேள்வி: கான்கிரீட்டுக்கு இறக்கிய மணலையே சலித்துப் பூச்சுக்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், கட்டுமானத் தளங்களில் நடப்பதும் அதுதான். ஐ.எஸ். 1542-இன்படி பூச்சு மணலில் 80 முதல் 100 சதவீதம் 600 மைக்ரானைக் கடக்க வேண்டும். அதாவது கான்கிரீட்டுக்குத் தவிர்க்கச் சொன்ன நைஸ் மணல்தான் பூச்சுக்கு உகந்தது. ஆனால் சலிக்கும்போது பெரிய துகள்கள் நீங்குமே ஒழிய வண்டல் நீங்காது. மொத்த எடை குறைவதால் வண்டலின் பங்கு கூடத்தான் செய்யும். ஆகவே சலித்த மணலுக்குத் தனியாக ஒரு சீசாச் சோதனை செய்ய வேண்டும்.

கேள்வி: ஈர மணலால் அளவு மாறும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை, வீடு கட்டுவோர் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். மணல் லேசாக ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு துகளையும் தண்ணீர்ப் படலம் சூழ்ந்துகொண்டு அடுத்த துகளை விலக்கி நிறுத்துகிறது. 4 முதல் 6 சதவீத ஈரத்தில் இந்த உப்பல் உச்சத்துக்குப் போகும். நடுத்தர மணல் 20 முதல் 30 சதவீதம் வரையும், நைஸ் மணல் 40 சதவீதம் வரையும்கூட உப்பக்கூடும். தண்ணீர் மேலும் ஏறி மணல் முழுதும் மூழ்கிவிட்டால் படலங்கள் அழிந்து, காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். இந்தக் கடைசிப் பண்பை வைத்துத்தான் உப்பலை அளக்கிறோம்.

ஒரு வாளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஈர மணலை அழுத்தாமல் போட்டு, மேலே சமன் செய்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மணலை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, அதே வாளியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டு, கம்பியால் குத்திச் சமன் செய்து மறுபடி அளந்து பாருங்கள். முதலில் 20 செ.மீ., பிறகு 16 செ.மீ. என்றால், குறைந்த 4-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும். உப்பல் 25 சதவீதம்.

இதனால் இரண்டு இடங்களில் இழப்பு வருகிறது. முதலாவது, வாங்கும் இடம். மணலை நாம் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடிக் கணக்கில் வாங்குகிறோம். 25 சதவீதம் உப்பிய மணலில் 100 கன அடி வாங்கினால் கிடைக்கும் உண்மையான மணல் 80 கன அடிதான். இரண்டாவது, கலக்கும் இடம். ஒரு மூட்டைச் சிமென்ட் ஏறத்தாழ 35 லிட்டர். சிமென்ட், மணல், ஜல்லி மூன்றும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற விகிதத்தில் மூட்டைக்கு 52.5 லிட்டர் மணல் போட வேண்டும். உப்பிய மணலை அதே பெட்டியில் அளந்தால் 42 லிட்டர்தான் விழும். குறையை ஈடுகட்ட 65 லிட்டருக்கு மேல் அளக்க வேண்டும். தண்ணீரையும் மறக்கக் கூடாது. 80 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மூட்டைக்கு 25 லிட்டர் என்று நிர்ணயித்துவிட்டு இதைக் கழிக்காமல் ஊற்றினால், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50-லிருந்து 0.58-க்குப் போய்விடும். நல்ல சிமென்ட், நல்ல ஜல்லி, நல்ல கம்பி எல்லாம் போட்டும் தளத்தின் வலிமை குறைவது பல நேரங்களில் இந்தக் கழிக்கப்படாத 4 லிட்டரால்தான்.

கேள்வி: மணலில் இலை, வேர், கழிவு கலந்திருந்தால் எப்படிக் கண்டறிவது?

கண்ணுக்குத் தெரியும் வேரையும் இலையையும் பொறுக்கி எடுத்துவிடலாம். மக்கிக் கரைந்த கரிமப் பொருள்தான் சிக்கல். அது சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தி வலிமையைக் குறைக்கும். ஐ.எஸ். 2386-இன் இரண்டாம் பகுதியில் இதற்கான நிறச் சோதனை இருக்கிறது. நிறமற்ற கண்ணாடிச் சீசாவில் 3 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை 75 மி.லி. ஊற்றி, 125 மி.லி. வரும்வரை மணலைப் போட்டு, மறுபடி கரைசலால் 200 மி.லி. ஆக்கிக் குலுக்கி, 24 மணி நேரம் வைக்கிறார்கள். மேலே நிற்கும் திரவத்தின் நிறத்தை, டானிக் அமிலத்தைக் கொண்டு தயாரித்த ஒப்பீட்டுக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். அதைவிட வெளிறியிருந்தால் மணல் தேறிவிட்டது. அடர்ந்த பழுப்பாக இருந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. அதே மணலில் செய்த சாந்துக் கட்டிகளையும், கழுவிய மணலில் செய்த கட்டிகளையும் உடைத்துப் பார்த்து வலிமையை ஒப்பிட்ட பிறகு முடிவெடுக்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் ஆய்வகத்திடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: உப்பு மணல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாக்கில் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. நாக்குக்குத் தெரியாத அளவு உப்பே கம்பியைக் கெடுக்கப் போதுமானது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு மொத்தக் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456-இன் வரம்பு. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ மணல் போகிறது. அந்த மணலில் குளோரைடு வெறும் 0.1 சதவீதம் இருந்தாலே 0.7 கிலோ ஆகிவிடும். சிமென்டும் தண்ணீரும் கொண்டுவரும் குளோரைடு அதற்குமேல். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோர ஊர்களில் பழைய சன்ஷேடுகளின் அடியில் கம்பி வெளியே தெரிவதற்குக் கடற்காற்றோடு இத்தகைய மணலும் காரணமாக இருக்கலாம்.

முதற்கட்டச் சோதனையாக, மணலைக் காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி, தெளிந்த நீரை வடிகட்டி எடுத்து, ஓரிரு துளி நைட்ரிக் அமிலமும் சில துளி சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்க்கலாம். வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு செய்தால் அந்த நீரிலுள்ள உப்பே திரியும் என்பதால் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். மணலில் கிளிஞ்சல் துண்டுகள் தென்பட்டால் சோதனை முடியும்வரை கம்பி வேலைக்கு அதைத் தொடாதீர்கள். ஆற்று மணல் என்றே விற்கப்பட்டாலும், முகத்துவாரத்துக்கு அருகில் அள்ளிய மணலில் கடல் உப்பு ஏறியிருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: மணலில் மினுமினுப்பாகத் தெரிவது என்ன?

பெரும்பாலும் மைக்கா. தகடு தகடாகப் பிரியும் இந்தத் துகள் அதிகமானால் கலவை கூடுதல் தண்ணீர் கேட்கும், வலிமையும் குறையும். வெயிலில் ஆங்காங்கே சில துகள் மின்னுவது இயல்பு. கையில் தேய்த்தால் விரலில் வெள்ளித்தூள்போல ஒட்டும் அளவுக்கு இருந்தால் ஆய்வகத்தில் காட்டுங்கள்.

கேள்வி: ஒரே ஆற்றின் மணல் எல்லா இடத்திலும் ஒரே தரமாக இருக்காதா?

இருக்காது. ஆறு மலையை விட்டு இறங்கும் பகுதியில் வேகம் மிகுந்து பருமணல் தங்கும். சமவெளியில் வேகம் தணியத் தணிய நைஸ் மணலும் வண்டலும் படியும். காவிரியையே எடுத்துக்கொண்டால், கரூர், திருச்சிப் பக்கத்து மணலையும் கடைமடைப் பக்கத்து மணலையும் ஒரே பெயரில் வாங்குவதால் அவை ஒன்றாகிவிடா. ஒரே குவாரியிலும் மேல்படுகைக்கும் ஆழத்துக்கும் வேறுபாடு உண்டு. தோண்டத் தோண்டக் களிமண் அடுக்கு வந்துவிட்டால் அதுவும் சேர்ந்தே லாரியில் ஏறும். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட மணல் குவாரி வழிகாட்டு நெறிகள் ஆழத்தை 3 மீட்டருக்குள் அடக்கச் சொன்னது ஆற்றைக் காக்கத்தான். அந்த வரம்பை மீறி அள்ளிய மணல் கட்டடத்துக்கும் நல்லதாக அமைவதில்லை. அள்ளி முடிந்த படுகையில் அடுத்த வெள்ளம் புது மணலைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மேலே அணைகள் மணலைத் தடுத்துவிட்ட ஆறுகளில் அது நடப்பதே அரிதாகிவிட்டது. கிடைக்கும் மணலைச் சோதிக்காமல் வீணடிக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சவுடு மண்ணை, அதாவது மணல் கலந்த நிரப்பு மண்ணைக் கழுவி ஆற்று மணல் என்று விற்கிறார்களாமே?

விற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்துகிறது. அதற்கு வெளியே, பட்டா நிலத்திலும் ஏரியிலும் சவுடு எடுப்பதாக அனுமதி பெற்று மணலை அள்ளுவதாக வழக்குகள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல், மண்ணில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று ஆய்வக அறிக்கை பெறாமல் இத்தகைய அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது.

அடையாளம் காண்பது எளிது. ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு வந்த துகளின் முனைகள் மழுங்கியிருக்கும். மண்ணிலிருந்து கழுவி எடுத்த துகளின் குழிகளில் செம்மண் அப்பியிருப்பதைச் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியிலேயே பார்க்கலாம். சீசாவில் குலுக்கினால் மூன்று மணி நேரம் கழித்தும் மேல்நீர் செம்மண் கலங்கலாகவே நிற்கும். வாங்கும்போது குவாரியின் பெயரும் தேதியும் உள்ள சீட்டைக் கேளுங்கள். சீட்டில்லாத மணலுக்குத் தரப் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: எண்ணூர் மணல்தான் தரமான மணல் என்கிறார்கள், அதை வாங்கலாமா?

அது வீடு கட்ட விற்கும் மணல் இல்லை. எண்ணூரில் கிடைக்கும் படிக மணலைக் கழுவி, மூன்று அளவுகளாகப் பிரித்து, ஐ.எஸ். 650-இன்படி தமிழ்நாடு கனிம நிறுவனம் தயாரிக்கிறது. நாடெங்கும் சிமென்டின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வகங்கள் எல்லாம் ஒரே மணலைக் கொண்டு சோதித்தால்தான் முடிவுகளை ஒப்பிட முடியும் என்பதற்காக ஏற்பட்டது அது.

கேள்வி: எம்-சாண்டுக்கும் இதே சோதனைகள்தானா?

சல்லடைச் சோதனையும் உப்பல் சோதனையும் அதேதான். நுண்துகள் வரம்பு மட்டும் வேறு: பாறையை உடைத்து எடுக்கும் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே எடையில் 15 சதவீதம் வரை ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது, ஏனெனில் அது களிமண் இல்லை, பாறைத்தூள். ஆகவே சீசாவில் படலம் தடித்திருப்பதை மட்டும் கண்டு எம்-சாண்டை ஒதுக்க வேண்டாம். கல் உடைக்கும் கிரஷரில் மிஞ்சும் தூசியை எம்-சாண்ட் என்று விற்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதன் துகள்கள் சப்பையாகவும் ஊசியாகவும் இருக்கும், சல்லடை எண்களும் ஒழுங்காக அமையா.

கேள்வி: ஆய்வகத்தில் என்னென்ன சோதனை கேட்க வேண்டும்?

பொறியியல் கல்லூரிகளின் கட்டடப் பொருள் ஆய்வகங்களிலும், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களிலும் மணலைச் சோதிக்கிறார்கள். சல்லடைப் பகுப்பு, 75 மைக்ரானுக்குக் கீழான நுண்துகள், களிமண் கட்டி, கரிமப் பொருள், ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), நீர் உறிஞ்சல் ஆகிய ஆறையும் கேளுங்கள். கடலோர மாவட்டமானால் குளோரைடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்கை மணலில் களிமண் கட்டி 1 சதவீதத்துக்கும், வேண்டாப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. சோடியம் சல்பேட் கரைசலில் ஐந்து முறை நனைத்து உலர்த்தும் உறுதிச் சோதனை பெரிய திட்டங்களுக்கே பொதுவாகத் தேவைப்படுகிறது; அதில் எடை இழப்பு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறிக்கையில் மாதிரியை யார், எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தார் என்ற வரி இல்லாவிட்டால், எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உங்கள் மணலைப் பற்றிய அறிக்கை என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஒவ்வொரு லாரிக்கும் சோதிக்க வேண்டுமா? சரியில்லை என்றால் என்ன செய்வது?

ஆய்வகச் சோதனையை வேலை தொடங்கும்போது ஒரு முறையும், மணல் வரும் இடம் மாறும்போதெல்லாம் ஒரு முறையும் செய்தால் போதும். சீசாச் சோதனையை ஒவ்வொரு லாரிக்கும், உப்பல் சோதனையைக் கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாள் காலையிலும் செய்யுங்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தால் கட்டாயம் செய்யுங்கள். லாரியை மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்க முடியாது என்பது உண்மைதான். குலுக்கி வைத்த பத்தாவது நிமிடத்திலேயே மிக மோசமான மணல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை இறக்கவே விடாமல் திருப்பி அனுப்பலாம். மற்றதைத் தனிக் குவியலாக இறக்கி, முடிவு தெரியும்வரை பழைய குவியலோடு கலக்காமல் வையுங்கள். சோதனையில் தேறாவிட்டால் மணலைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் பேசி, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் மறுத்தால், வரம்பைச் சற்றே தாண்டிய மணலைக் கழுவிப் பயன்படுத்தலாம். கழுவியும் தேறாததை அடித்தளக் குழியின் பக்கங்களை மூடவும் தரைக்கு அடியில் நிரப்பவும் ஒதுக்கிவிடலாம். உப்பு மணலை மட்டும் அதற்கும் பயன்படுத்த வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து அந்த உப்பு சுவரில் ஏறிப் பூத்துவிடும்.